லூர்து அக்காவும் இருபது டன் பிரஸ்ஸும்

எங்கள் பாலிடெக்னிக் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு ரோஜாப் படமும் அதன் கீழே லூர்து மேரியின் பெயரும் வந்தன. நான் நம்பவில்லை. அந்தக் குழு ஏற்கெனவே ஒருமுறை உயிரோடிருக்கும் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தியிருக்கிறது. தேர்வு மேற்பார்வை முடிந்ததும் வராந்தாவுக்கு வந்து லூர்து அக்காவின் எண்ணுக்கே போன் செய்தேன். இறந்தது உண்மையா என்று கேட்க இறந்தவரையே அழைக்கிறேன் என்பது, மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. எடுத்தவர் அவர் கணவர் அந்தோணி அண்ணன். பக்கவாதம் வந்த பிறகு அவருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும். "ஆமா தங்கச்சி. காலைல. காபி போட்டுக்கினு இருந்தா," என்றார். சற்றுப் பொறுத்து, "நீ வா," என்றார்.

இதை வாசிக்கும் பழைய மாணவர்களில் பலர் லூர்து அக்காவிடம் ரம்பமும் அரமும் பிடிக்கப் பழகியவர்கள். முப்பது வருடங்களுக்கு மேல் எங்கள் பட்டறையில் ஃபிட்டிங் பிரிவின் பயிற்றுநராக இருந்தார். அந்தப் பட்டறையில் அவர் ஒருவர்தான் பெண். நான் முதல் மாடியில் பொருள்களின் வலிமையும் திரவ இயக்கவியலும் நடத்துகிறவள். கீழே இருப்பவர்களுக்கு மேலே இருப்பவர்கள் மீதும், மேலே இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் மீதும் நம்பிக்கை இல்லாத ஒரு நிறுவனத்தில் நாங்கள் இருவரும் அந்த மரபைச் சில வருடங்கள் ஒழுங்காகக் காப்பாற்றினோம்.

எங்கள் முதல் உரையாடல் ஒரு வரைபடத்தின் மீது நடந்தது. சோதனைக்கூடத்துக்கு ஒரு தாங்கி செய்துதரச் சொல்லி வரைந்து அனுப்பியிருந்தேன். அது திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி: "ஸ்பேனர் எங்கே நுழையும்?" இரண்டு போல்ட்டுகளையும் அவ்வளவு நெருக்கமாக வைத்திருந்தேன். கணக்குப்படி அவை மிக வலுவானவை. முடுக்கத்தான் முடியாது. இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் திருத்திய படத்தை நானே எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்ப நுழையும் மதாம்," என்றார். நம் ஊரில் பழைய பிரெஞ்சுக் குடும்பத்துச் சீமாட்டிகளைத்தான் மதாம் என்பார்கள். எனக்கு அந்தப் பட்டம் அன்று கிடைத்தது. கடைசிவரை மாறவில்லை.

அவர் ஓய்வு பெற்ற வருடம் அந்தோணி அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணன் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மோட்டார் பழுதுபார்க்கும் யூனிட்டில் இருந்தவர். பேரிங் கழற்றுவதும் ஏற்றுவதும்தான் அவர் வேலை. ரெட்டியார்பாளையத்தில் வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டு, அதில் ஒரு பிரஸ் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக்காரர்களின் கிரைண்டர், பம்ப்செட் மோட்டார் என்று எது வந்தாலும் பார்ப்பார். நோய்க்குப் பிறகு கால் ஓரளவு திரும்பி வந்தது. வலது கை வரவில்லை. அவர் முன் அறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஷெட்டுக்குப் போகும் கதவு அந்த அறையில்தான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பி உட்காரக்கூட மாட்டார்.

அப்போதுதான் லூர்து அக்கா என்னைக் கூப்பிட்டார். ஒரு கையால் இயக்கும்படி பிரஸ்ஸை மாற்றப் போவதாகவும், நான் வந்து குறை சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். இருபது டன் அழுத்தும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கை செயலற்றவர் போகவே கூடாது, இதுதான் என் முதல் குறை, இதுவே கடைசியும் என்றேன்.

"அதுக்குத்தான் உங்கள கூப்புடறேன் மதாம். நல்லதா சொல்றதுக்கு இந்தத் தெருவுல நெறைய பேரு இருக்காங்க."

சனிக்கிழமைகளில் போகத் தொடங்கினேன்.

பிரஸ்ஸைப் பார்த்திராதவர்களுக்கு: இரண்டு இரும்புத் தூண்கள், அவற்றை மேலே இணைக்கும் ஒரு விட்டம், அந்த விட்டத்தில் லாரிக்கு அடியில் வைப்பது போன்ற ஒரு ஹைட்ராலிக் ஜாக். கைப்பிடியை அடிக்க அடிக்க மேலிருந்து ஒரு தண்டு இறங்கும். கீழே ஒரு கனமான மேடை. தூண்களில் உள்ள துளைகளில் இரண்டு பின்களைச் செருகி அதை வேண்டிய உயரத்தில் நிறுத்துவார்கள். மேடையில் வேலைப்பொருளை வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜாக்கை அடிப்பார்கள். ஆக எல்லாவற்றுக்கும் இரண்டு கை வேண்டும். மேடையைத் தூக்கி நிறுத்துவதற்கு மூன்று கை இருந்தால் நல்லது.

லூர்து அக்கா ஒவ்வொரு கையாகக் கழித்துக்கொண்டே வந்தார். மேடையைத் தூக்க ஒரு சங்கிலியும் பல் சக்கரமும் வைத்தார். நடுவில் கைப்பிடியை விட்டுவிட்டாலும் மேடை விழாது. பின்களின் முனையைக் கூராக்கினார், துளையைத் தேடிக் குத்த வேண்டியதில்லை. பேரிங்கைப் பிடித்துக்கொள்ள ஒரு காந்தத் தட்டு. தெறிக்கும் துண்டுகளைத் தடுக்க முன்னால் ஒரு இரும்பு வலை. ஜாக்கையே எடுத்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரை வைத்து, காலால் மிதிக்கும் பம்ப் ஒன்றைக் குழாய் போட்டு இணைத்தார். இதற்கெல்லாம் ஏறத்தாழ ஒரு வருடம் ஆயிற்று.

இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ, நான் சொல்லாமல் ஒரு நாள் காலையில் போய் நின்றபோது அவர் தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டால் கட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். காலையில் ஷெட்டுக்கு வந்ததும் கட்டிக்கொள்வார், மத்தியானச் சோற்றுக்குத்தான் அவிழ்ப்பார் என்று பிறகு தெரிந்தது. எது முடியவில்லை என்பது கையைக் கட்டினால்தான் தெரியும் என்றார். பார்ப்பவர்கள் சிரிக்கப்போகிறார்கள் என்றேன். "சிரிக்கட்டும். மிஸ்யேகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்று முன் அறைப் பக்கம் தாடையை ஆட்டினார். கணவர் பேச்சு வந்தால் அவர் மிஸ்யே, அதாவது துரை, ஆகிவிடுவார்.

என் தவறை இங்கே எழுத வேண்டும். லூர்து அக்காவைப் பற்றி நல்லபடியாக மட்டும் எழுதி, என்னைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

கையால் ஜாக்கை அடிக்கும்போது எதிர்ப்பு உள்ளங்கையில் தெரியும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அண்ணனைப் போன்றவர்கள் அந்த உணர்விலிருந்தே அறிந்தார்கள். கால் பம்ப்பில் அது கிடையாது. ஆகவே அழுத்தத்தைக் காட்டும் ஒரு மானி வைத்தோம். அதன் முகப்பில் டன் கணக்கில் கோடு போட, சிலிண்டரின் பரப்பளவு தேவை. அந்தக் கணக்கு என் பொறுப்பு. வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டை வெர்னியர் அளவுகோலால் அளந்தேன், பரப்பைக் கண்டேன், முகப்பில் அழகாகக் கோடுகள் வரைந்துகொடுத்தேன். லூர்து அக்கா அதைக் கண்ணாடிக்கு உள்ளே ஒட்டினார்.

சோதனைக்கு ஒரு பழைய வார்ப்பிரும்புப் புல்லியை வைத்து அதிலிருந்த அச்சைத் தள்ளினார். கை கட்டியிருந்தது. மானி பத்து டன் காட்டியது. அந்தப் புல்லி அதைத் தாங்கியிருக்க வேண்டும். வெடி வெடித்தது போல ஒரு சத்தம். புல்லி மூன்றாகப் பிளந்து, ஒரு துண்டு வலையில் வந்து மோதியது. அந்த வலை இல்லையென்றால் அது போயிருக்கும் இடம் லூர்து அக்காவின் கழுத்து. ஆனாலும் என் வாயில் முதலில் வந்தது, வார்ப்பில் குறை இருந்திருக்கும் என்பதுதான்.

"அதுக்குப் பேசத் தெரியாதுன்னு இரும்பு மேல பழியப் போடாதீங்க மதாம். தெறந்து பாப்போம்," என்றார்.

சிலிண்டரைக் கழற்றித் திறந்தோம். வெளியே தெரிந்த தண்டு, உள்ளே அதைவிடப் பருமனான ஒரு பிஸ்டனில் பொருத்தப்பட்டிருந்தது. எண்ணெய் தள்ளுவது பிஸ்டனை, தண்டை அல்ல. நான் அளந்ததோ தண்டை. மானியில் பத்து என்றால் உண்மையில் பதினைந்து. எந்த விட்டத்தை எடுக்க வேண்டும் என்ற இந்தக் கேள்வியை நான் ஒவ்வொரு தேர்விலும் வைப்பேன். தண்டின் விட்டத்தை எடுத்து எழுதும் மாணவர்களின் விடையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அருகில் ஒரு ஆச்சரியக்குறியும் போடுவேன்.

இனி இந்த வேலைக்கு வேறு யாரையாவது பாருங்கள் என்று சொல்லி, என் கைப்பையை எடுத்துக்கொண்டேன். அவர் வெர்னியரை என் பக்கம் நீட்டினார். "போறதுன்னா போங்க. போறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ அளந்துட்டுப் போங்க. ஒரு தடவ தப்பா அளந்தவங்க, அடுத்த தடவ ரெண்டு தரம் அளப்பாங்க. புதுசா வர்றவங்க ஒரு தரம்தான் அளப்பாங்க."

நான் அளந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. வெடித்த சத்தத்துக்குப் பிறகும் நாங்கள் வெளியே வராததால் அந்தோணி அண்ணன் எழுந்து வந்திருந்தார். நோய் வந்த பிறகு அவர் அந்தக் கதவைத் திறந்தது அதுதான் முதல் முறை. உடைந்த புல்லியையும் என்னையும் பார்த்தார். பிறகு மனைவியின் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையைப் பார்த்தார். லூர்து அக்கா மறைக்கப் பார்த்தார். ஒரு கையால் எதையும் சட்டென்று மறைக்க முடியாது.

"இன்னாது இது," என்றார் அண்ணன்.

லூர்து அக்கா விளக்கினார். அவ்வளவு தடுமாறி அவர் பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெடுநேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பு," என்றார். "என் கை பின்னால கட்டிக் கெடக்கல லூர்து. முன்னால தொங்குது. கனமா. நான் குனிஞ்சா அது முன்னால வரும். எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. உள்ள போச்சுன்னாகூடத் தெரியாது."

அது அவர் பல மாதங்களில் பேசிய மிக நீண்ட பேச்சு என்று பிறகு அக்கா சொன்னார். அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. ஒரு வருடமாக நாங்கள் இல்லாத ஒரு கைக்காக இயந்திரம் செய்திருந்தோம். அவருக்கு இருந்ததோ, இருக்கும் இடம் தெரியாத ஒரு கை. நான் தண்டை அளந்தது போலத்தான் லூர்து அக்கா கையைக் கட்டிக்கொண்டதும். இருவரும் வெளியே தெரிந்ததை அளந்திருந்தோம். அக்கா துண்டை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, அண்ணனுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "அப்ப நீங்களே சொல்லுங்க," என்றார்.

அன்றிலிருந்து குறை சொல்லும் வேலை எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாயிற்று. அவர் என்னைவிடக் கடுமையானவர். பாதுகாப்பு வலையைப் பார்த்து, கோழிக்கூண்டு நல்லா இருக்கு, கோழி எங்கே என்று கேட்டார்.

அந்தக் கைக்கு லூர்து அக்கா கண்ட வழி இது. பிரஸ்ஸுக்கு வலப்பக்கம், நன்றாகத் தள்ளி, தகட்டை வளைத்து ஒரு தொட்டில் செய்தார். உள்ளே சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். அண்ணன் இடது கையால் வலது கையை எடுத்து அதில் கிடத்த வேண்டும். கையின் கனத்தில் தொட்டில் இரண்டு விரல்கடை இறங்கும். இறங்கும்போது ஒரு ஸ்கூட்டர் பிரேக் கேபிளை இழுக்கும். கேபிள், மிதி பெடலுக்கு அடியில் தடுத்து நிற்கும் ஓர் இரும்பு நாக்கை வெளியே இழுக்கும். அதன் பிறகுதான் பெடல் இறங்கும். கை தொட்டிலிலிருந்து நழுவினால் ஸ்பிரிங் நாக்கை உள்ளே தள்ளிவிடும். பம்ப் நின்றுவிடும். தூக்க முடியாத அந்தக் கையின் கனம்தான் இயந்திரத்துக்குச் சாவி.

கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அறுந்தால் நாக்கு உள்ளேயே நிற்கும், பெடல் இறங்காது என்றார். நான் வேறு குறை தேடினேன். அன்று கிடைக்கவில்லை.

முதல் வேலை பக்கத்து வீட்டு கிரைண்டர் மோட்டார். திருத்திய மானி, எல்லை மீறினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ஒரு வால்வு, எல்லாவற்றையும் இரண்டு தரம் சோதித்திருந்தேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, கையைத் தொட்டிலில் வைத்து, மிதித்தார். பழைய பேரிங் சின்னதாக ஒரு முனகலோடு இறங்கி வந்தது. புதியதை ஏற்றி, விரலால் சுழற்றி, காதருகே கொண்டுபோய்க் கேட்டார். பிறகு தொட்டிலில் கிடந்த கையைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு வருஷம் லீவுல இருந்தான். இன்னிக்கு டூட்டிக்கு வந்துட்டான்." லூர்து அக்கா, காபி போடுகிறேன் என்று சொல்லி உள்ளே போனவர் நெடுநேரம் வரவில்லை. காபியும் வரவில்லை.

அதன் பிறகு மூன்று வருடங்கள் அந்த ஷெட் ஓடியது. ரெட்டியார்பாளையத்திலிருந்து மட்டுமல்ல, வைத்திக்குப்பத்திலிருந்து மீனவர்களும் படகு எஞ்சின் பாகங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மீனும் கொண்டுவருவார்கள். அக்கா பிரஸ்ஸில் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தார். மானியைக் கண் மட்டத்துக்கு இறக்கினார், பெடலின் ரப்பரை மாற்றினார், மேடைக்கு விளக்கு வைத்தார். எப்போது முடியும் என்று கேட்டேன். "சாமி உலகத்தையே ஆறு நாள்ல முடிச்சிட்டாரு, பாருங்க எப்பிடி இருக்குன்னு," என்றார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் இப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு ரகசிய மகிழ்ச்சி.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைக்குப் போய்த் திரும்பியபோது, அவர்கள் மகள் ஷீலா என்னைத் தனியே அழைத்தாள். சென்னையில் வேலை, அங்கேயே குடும்பம். "நீங்க சொன்னா அப்பா கேப்பாரு ஆன்ட்டி. அந்த மெஷின வித்துட்டு எங்கூட வரச் சொல்லுங்க. அம்மா பக்கத்துல இருந்தாங்க, பயமில்ல. இப்ப தனியா இருக்கறப்ப எதாச்சும் ஆயிட்டா?" நியாயமான கேள்வி. இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன்.

சனிக்கிழமை போனேன். அண்ணன் ஒரு பம்ப் மோட்டாரை வைத்து உட்கார்ந்திருந்தார். அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, பின்கள், சங்கிலி, வால்வு, குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தொட்டிலின் கேபிள் வளையும் இடத்தில் இரண்டு இழைகள் பிரிந்திருந்தன. அறுந்தால் ஆபத்தில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் பிரிந்த இழை உறைக்குள் சிக்கிக்கொண்டால், கை நழுவிய பிறகும் நாக்கு வெளியிலேயே நின்றுவிடும். பெடல் இறங்கும். லூர்து அக்காவும் நானும் யோசிக்காத குறை.

அண்ணன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புதிய கேபிளைக் காட்டினார். வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. கேபிளை இறுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டே திருகை முடுக்க வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும். "இதெல்லாம் அவ பாப்பா," என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: அந்த இயந்திரத்தை ஒரு கையால் ஓட்டலாம், ஒரு கையால் பராமரிக்க முடியாது. அதன் ஒரு பாகமாக லூர்து அக்கா தன்னையே வைத்திருந்தார்.

புதிய கேபிளை அன்று நானே மாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் ஷீலாவுக்குச் சொல்லும் பதில் அதற்குள் அடங்காது. புதிய கேபிள் போடும்வரை பிரஸ்ஸைத் தொட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய், கேபிளை இழுத்துப் பிடித்துவைக்க ஒரு ஸ்பிரிங், ஒரு நெம்புகோல், நான்கு போல்ட்டுகள் கொண்ட ஒரு பிடிப்பானை வரைந்தேன். அடுத்த சனிக்கிழமை அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத மாட்டறதுக்கு ரெண்டு கை வேணுமே தங்கச்சி," என்றார். பிறகு எழுந்து, கேபிளின் நுனியில் பழைய பேரிங் ஒன்றைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். அதன் கனத்தில் கேபிள் தானே விறைத்து நின்றது. முடிச்சுக்குப் பதிலாக ஒரு கொக்கி, கேபிள் நுழையும் துளைக்குப் புனல் போல ஒரு வாய். அவ்வளவுதான். அவற்றை மட்டும் நான் அரத்தால் ராவிக் கொடுத்தேன். லூர்து அக்கா பார்த்திருந்தால் என் ராவலுக்கு மதிப்பெண் போட்டிருக்க மாட்டார்.

பிறகு நான் ஸ்டூலில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் பழைய கேபிளைக் கழற்றினார். புதியதைப் புனலில் நுழைத்தார், கொக்கியில் பேரிங்கைத் தொங்கவிட்டார், இடது கையால் திருகை முடுக்கினார். இரண்டு முறை நழுவியது. மூன்று முறை எனக்குக் கை பரபரத்தது. நாற்பது நிமிடங்கள் ஆயின. கையைத் தொட்டிலில் வைத்தார். நாக்கு வெளியே வந்தது. கையை எடுத்தார், உள்ளே போயிற்று. இருபது முறை செய்யச் சொன்னேன். முனகிக்கொண்டே செய்தார்.

அங்கிருந்தே ஷீலாவுக்குப் போன் செய்தேன். பாதுகாப்பானதா ஆன்ட்டி என்று கேட்டாள்.

"ஆபத்து இருக்கு," என்றேன். "அது எங்க இருக்குன்னு உங்கப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மாசத்துல ஒரு சனிக்கிழம நான் வந்து பாப்பேன். விக்கச் சொல்லி நான் அவருகிட்ட சொல்ல மாட்டேம்மா."

அப்படியென்றால், தினமும் சாயங்காலம் ஷெட்டைப் பூட்டியதும் அப்பா தனக்குப் போன் செய்ய வேண்டும் என்றாள். அண்ணன் தலையசைத்தார். போனில் தலையசைத்தால் தெரியாது, வாயால் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

வாழ்நாளெல்லாம் நான் குறை கண்டுபிடிக்கிறவளாகவே இருந்திருக்கிறேன். கண்டுபிடித்ததும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். அதை நேர்மை என்று நினைத்திருந்தேன். குறையைச் சொன்ன பிறகு, அது தீரும் வரை அதே இடத்தில் உட்கார்ந்திருப்பதை லூர்து அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் வேறு ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது இது.

போன சனிக்கிழமை அண்ணன் பெடலை இரண்டு அங்குலம் தாழ்த்த வேண்டும் என்றார். முழங்கால் வலிக்கிறதாம். தாழ்த்தினால் நாக்குக்கு இடம் போதாது என்றேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.